வேலையில் அடிபட்டவரை வீட்டில் தேற்றுவது: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மணலியிலோ எண்ணூரிலோ, வியாசர்பாடி பட்டறையிலோ துறைமுகத்திலோ வேலை பார்ப்பவருக்கு அடிபட்டால், ஆஸ்பத்திரியில் சில நாள்தான் வைத்திருப்பார்கள். படுக்கை அடுத்தவருக்கு வேண்டும். மீதி வைத்தியம் வீட்டில்தான் நடக்கிறது. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. "ரெஸ்ட் எடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்ற ஒரு வரியும் ஒரு பை மாத்திரையும்தான் கைக்கு வரும்.

வீடு தேடிப் போய்க் கட்டு மாற்றுவதும் பயிற்சி சொல்லிக் கொடுப்பதும் என் பிழைப்பு. எலும்பு நன்றாகக் கூடிய பிறகும் விரல் மடங்காமல் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆரம்ப வாரங்களில் ஆடாமல் அசையாமல் படுத்திருந்ததன் விளைவு அது. இன்னொரு பக்கம், உடம்பு தேறியும் சேர வேண்டிய பணம் சேராதவர்கள். முதல் நாள் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டிருப்பார்கள். முதல்முறையாக இதில் மாட்டியிருக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டும் நேராமல் இருக்க, வரிசைப்படி சொல்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

1. ஆஸ்பத்திரி வாசலில் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம்

அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் எல்லோரும் 'ஏ.ஆர். காபி' என்கிறார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று நீங்கள் சொல்வதுதான் அதில் ஏறும். சரியாக இந்த நேரத்தில்தான் ஒரு போன் வரும்.

"அண்ணி, சூப்பர்வைசர் பேசறேன். வூட்ல படியில வழுக்கி வுழுந்துட்டாருன்னு சொல்லிடுங்க. செலவு மொத்தத்தையும் மொதலாளி பாத்துக்குவாரு."

கேட்கும்போது ஆறுதலாக இருக்கும். முதல் வாரம் பணமும் வரும். அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். வீட்டில் விழுந்ததாக ஒருமுறை எழுதிவிட்டால் அதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: "காலையில பத்தே காலுக்கு, கம்பெனியில, பிரஸ் மிஷின்ல கை மாட்டிக்கிச்சு." இது போதும். யாரையும் குறை சொல்ல வேண்டாம், வக்கீல் மாதிரி பேசவும் வேண்டாம்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) கணக்கில் அதுவும் வேலைக் காயமாக எடுத்துக்கொள்ளப்படும். நேரமும் பாதையும் வேலையோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் அது திட்டத்தில் சேர்ந்திருந்தால் போதும்.

எங்கே போவது? 108-ஐ அழைத்தால் அவர்களே முடிவு செய்வார்கள். தெரிந்துவைத்துக்கொள்ள: ராயபுரம் ஸ்டான்லியில் கைக் காயத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை தீக்காயத்துக்குப் பேர் போனது, அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். துண்டை நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும்.

2. டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்க வேண்டியவை

கிளம்பும் அவசரத்தில் எல்லாம் மறந்துபோகும். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடமோ வார்டு சிஸ்டரிடமோ கேளுங்கள். காலை ஊன்றலாமா, கூடாதா, பாதி ஊன்றலாமா? எந்த மூட்டை அசைக்கலாம், எதை அசைக்கக் கூடாது? கட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? தையல் எப்போது பிரிப்பார்கள்? எந்த மாத்திரை எத்தனை நாள்? டி.டி. ஊசி போட்டாயிற்றா?

இதில் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். "பாத்து நடங்க" என்பது பதில் ஆகாது.

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே பிலிம், ஏ.ஆர். காபி, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். மழைக்காலத்தில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வருவது புதிதில்லை. பை பரண் மேல் இருக்கட்டும். ஒவ்வொரு காகிதத்தையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

3. சம்பளம் நிற்காமல் இருக்க

இது வைத்தியத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று தோன்றும். வாடகை கட்டப் பணமில்லாமல், ஆறாத கையோடு பட்டறைக்குப் போய், எலும்பில் வைத்த கம்பி நகர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதையும் வைத்தியத்தில்தான் சேர்க்கிறேன்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருந்தால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டும். காண்டிராக்டில் வேலை செய்தாலும் இது பொருந்தும்.

வேலையில் அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ. தருவது, வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம். தினச் சம்பளம் சராசரியாக 500 என்றால் நாளுக்கு 450 ரூபாய். விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது 3 நாள் வேலை செய்ய முடியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விபத்து அறிக்கை போகாவிட்டால், இ.எஸ்.ஐ. மருந்தகம் தரும் சான்று சாதாரண நோய் விடுப்பாகப் பதிவாகிவிடும். அதற்கு 70 சதவீதம்தான், அதுவும் வருடத்துக்கு 91 நாளோடு நின்றுவிடும், சந்தா நாள் கணக்கும் பார்ப்பார்கள். ஆகவே விபத்து நடந்ததை உடனே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை, தேதியோடு இருக்க வேண்டும். விபத்துப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனி இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். காயம் பெரியது என்றால் உடனே அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கு நகல் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், ஸ்டான்லியிலோ தனியாரிடமோ வைத்தியம் பார்த்தாலும், அந்தக் காகிதங்களோடு உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் விடுப்புச் சான்று வாங்க வேண்டும். ஒரு சான்று முடியும் தேதிக்கும் அடுத்தது தொடங்கும் தேதிக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது. பணம் வங்கிக் கணக்கில் ஏறும். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறாக இருந்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு, முதலிலேயே சரிபாருங்கள். உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

கம்பெனி உங்களை இ.எஸ்.ஐ.யில் பதியாமலே வைத்திருந்தால், கிளை அலுவலகத்திலோ நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் இருக்கும் மண்டல அலுவலகத்திலோ எழுத்தில் புகார் கொடுங்கள். இ.எஸ்.ஐ. பொருந்தாத சின்னப் பட்டறை என்றால், தொழிலாளர் இழப்பீட்டு முறையில் முதலாளியே வைத்தியச் செலவையும் இழப்பீட்டையும் தர வேண்டும். வழக்குப் போட 2 வருடம் அவகாசம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். கட்டடத் தொழிலாளி நலவாரியத்தில் பதிந்திருந்தால் அங்கேயும் விபத்து உதவிக்கு மனுக் கொடுங்கள்.

எந்த வெற்றுக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். "லீவு லெட்டர்தான், கீழ சைன் பண்ணுங்க" என்றாலும் படித்துவிட்டுத்தான்.

4. வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஒண்டுக்குடித்தனத்தில் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் ஒரே அறை. மாடிப்படி செங்குத்து, பாதிப் படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. கழிவறை கீழே, நாலு குடித்தனத்துக்கும் பொது. இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் சொல்வது.

காலில் அடிபட்டவர் பாயில் படுக்கக் கூடாது. தரையிலிருந்து எழுந்திருப்பதற்குள் கால் ஊன்றிவிடும். ஒரு மடக்குக் கட்டிலை வாங்கவோ இரவல் கேட்கவோ வழி பாருங்கள். கட்டிலைச் சுவர் ஓரமாக, நல்ல கால் வெளிப்பக்கம் வருகிற மாதிரி போட்டால் இறங்குவது சுலபம். நடக்கும் வழியில் குடம், மிதியடி, சார்ஜர் வயர் எதுவும் வேண்டாம். தண்ணீர் லாரி வரும் நாளில் தரையெல்லாம் ஈரமாக இருக்கும். தண்ணீர் பிடித்து முடித்துத் துடைக்கும்வரை அவரை நடக்க விடாதீர்கள்.

மாடியில் குடியிருந்தால், முதல் சில வாரங்களுக்குக் கீழே இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு மாறுவது நல்லது. கௌரவம் பார்க்க வேண்டாம்.

கழிவறைக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கால் உடைந்தவர் குந்தி உட்கார முடியாது. கமோட் நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். வாடகைக்குத் தருகிறார்களா என்றும் கேளுங்கள். சிறுநீருக்குப் படுக்கையோரம் ஒரு யூரின் கேன் வையுங்கள். மனைவியையோ மகனையோ எழுப்ப வெட்கப்பட்டுக்கொண்டு பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் அங்கேதான் ஆரம்பம். இதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நீங்களாகக் கேனை வைத்துவிடுங்கள்.

குளிக்க நாலு கால் பிளாஸ்டிக் நாற்காலி. முக்காலி வேண்டாம், சரிந்துவிடும்.

5. முதல் மூன்று நாள்: வீக்கத்தோடு போராட்டம்

கை, கால் எலும்பு முறிவில் முதல் 48 முதல் 72 மணி நேரம்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். அடிபட்ட கையோ காலோ நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். காலுக்குக் கீழே ஒரே ஒரு தலையணை வைத்துவிட்டு, தலைக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து டிவி பார்த்தால் பலனில்லை. கையில் கட்டு என்றால், தூளியில் தொங்கும் கை இடுப்புப் பக்கம் இறங்கிவிடாமல் விரல்கள் முழங்கையை விட உயரத்தில் இருக்கட்டும். ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். கட்டு நனையக் கூடாது.

இப்போது வீட்டில் இருக்கும் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டிய சோதனை. கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நகத்தை உங்கள் கட்டைவிரலால் அழுத்துங்கள். நகம் வெளுக்கும். விட்டதும் 2 விநாடிக்குள் பழைய சிவப்பு திரும்ப வேண்டும். அடிபடாத கையிலும் அழுத்திப் பார்த்து ஒப்பிடுங்கள். அப்படியே விரல் சில்லென்று இருக்கிறதா, தொட்டால் உணர்கிறாரா, தானாக மடக்கி நீட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். முதல் இரண்டு நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்.

மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போகிறது, நீங்கள் விரலை மெதுவாக நீட்டினாலே கத்துகிறார், விரல் மரத்துப் போகிறது, வெளுக்கிறது அல்லது நீலம் பாய்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டுக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கிறது என்று அர்த்தம். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். ராத்திரி ஒரு மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்க் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். வீண் பயமாக இருந்துவிட்டால் ஆட்டோ காசோடு போயிற்று.

மாவுக்கட்டு முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை கெட்டியான விளிம்பில் வைத்து அழுத்தாதீர்கள், குழி விழும். உள்ளே அரித்தால் ஸ்கேல், ஊசி, தென்னங்குச்சி எதையும் விடாதீர்கள்; சித்திரை வெயிலில் கை தானாக அதைத் தேடும், தெரியும். ஃபேன் காற்றில் வையுங்கள், கட்டின் மேலே லேசாகத் தட்டுங்கள். உள்ளே காயம் பட்டால் நாற்றம் வந்த பிறகுதான் வெளியே தெரியும்.

இன்னொன்று, கால் கட்டோடு படுத்திருப்பவருக்குக் கெண்டைக்காலில் புதிதாக வீக்கம், வலி வந்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டி இருக்கலாம். 108.

6. புண்ணும் தையலும்

கட்டு மாற்றும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிறகு போனைத் தொடாதீர்கள். பழைய கட்டு ஒட்டியிருந்தால் பிய்க்காமல், சலைன் ஊற்றி ஊறவைத்து எடுங்கள். வீட்டில் செய்யத் தயக்கமாக இருந்தால் பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்வார்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சூடு, சீழ், நாற்றம், காய்ச்சல் இதில் எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். புண் ஆறாமல் இழுக்கும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

தீக்காயம் என்றால் உடனே செய்ய வேண்டியது 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். மஞ்சள், பேனா மை, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். ஆறும் காலத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது. எந்த நிலையில் வைத்தால் வலி குறைகிறதோ, அந்த நிலையிலேயே தோல் சுருங்கி இறுகும். கழுத்தில் தீக்காயம் என்றால் தலையணை வைக்கக் கூடாது. முழங்கையில் என்றால் நீட்டியே வைக்க வேண்டும். வலிக்கத்தான் செய்யும், மாத்திரை போட்டு அரை மணி கழித்து அசைக்கச் சொல்லுங்கள்.

7. மாத்திரை, சாப்பாடு, புத்தூர் கட்டு

வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். மெடிக்கலில் "வலிக்கு ரெண்டு குடுங்க" என்று தனியாக வாங்கிச் சேர்த்துப் போடாதீர்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்தாக இருக்கும், வயிறும் சிறுநீரகமும் கெடும். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் அதிகபட்சம் 6. குடிப்பழக்கம் உள்ளவருக்கு அதிலும் குறைவு. "வலி தெரியாம தூங்கட்டும்" என்று நண்பர்கள் குவார்ட்டரோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும்; விட இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

சாப்பாட்டில் நம் வீடுகளில் தலைகீழாக நடக்கிறது. முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று நிறுத்திவிட்டு, ரசம் சாதமும் பிரட்டும் கொடுப்பார்கள். சீழ் கிருமியால் வருகிறது, முட்டையால் இல்லை. புண் ஆறவும் எலும்பு கூடவும் புரதம்தான் வேண்டும். காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு நெத்திலியையும் மத்தியையும் ஒதுக்குவது எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. மீன் ஆகாதவர்களுக்கு முட்டை, சுண்டல், பருப்பு, பால், கேழ்வரகு. ஆட்டுக்கால் சூப் வாய்க்கு நன்றாக இருக்கும், குடிக்கட்டும். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

புத்தூர் கட்டுப் பற்றி யாராவது கட்டாயம் சொல்வார்கள். அது போட்டுச் சரியானவர் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். சண்டை போட வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டைப் பிரித்துவிட்டு அங்கே போகாதீர்கள். திறந்த புண், மூட்டுக்குள் முறிவு, பிளேட் வைத்த எலும்பு இவற்றின் மேல் இறுக்கிக் கட்டினால் கையோ காலோ போய்விடக்கூடும். எண்ணெய் போட்டு உருவுவதும் அப்படித்தான். முழங்கையில் அடிபட்ட பிறகு உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து, மூட்டு மடங்காமலே போவது உண்டு.

8. ஓய்வு என்றால் படுத்தே கிடப்பதில்லை

அடிபட்ட இடத்துக்குத்தான் ஓய்வு. மற்ற எல்லா மூட்டும் முதல் நாளிலிருந்தே வேலை செய்ய வேண்டும். மணிக்கட்டில் மாவுக்கட்டு என்றால் விரல், முழங்கை, தோள் மூன்றும் அசைய வேண்டும். தோளை மறந்துவிடுவார்கள், ஒன்றரை மாதம் கழித்துக் கட்டுப் பிரிக்கும்போது மணிக்கட்டு சரியாகி, தோள் இறுகியிருக்கும். தலைக்கு மேலே கையைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள்.

விரலுக்கு: முழுதாக மடக்கி முஷ்டி, முழுதாக நீட்டல், கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுதல். 10 தடவை, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை. அறுந்த தசைநாரைத் தைத்திருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தையல் அறுந்துவிடும். கைப் பிரிவில் காட்டிக் கொடுத்த அசைவை மட்டும், அவர்கள் சொன்ன அளவுக்கு. புண் ஆறித் தோல் மூடிய பிறகு, தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கட்டைவிரலால் அழுத்திச் சுழற்றித் தேய்த்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

காலுக்கு: பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, கட்டு அதைத் தடுத்தால் கால்விரல்களையாவது. நீட்டிய முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தி 5 எண்ணும்வரை பிடித்து விடுவது. தொடைத்தசை கரையாமல் இருக்க இதுதான் வழி. டாக்டர் இதற்குச் சம்மதித்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊன்றுகோலைக் கக்கத்தில் இடித்துக்கொண்டு தொங்கினால் கை மரத்துப் போகும். மேல் பட்டை கக்கத்துக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்கட்டும். எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்க வேண்டும். கீழே ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இறங்கும்போது ஒருவர் முன்னால், ஒரு படி கீழே நிற்க வேண்டும்.

பயிற்சி சொல்லித்தர ஆள் இல்லையே என்பவர்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிய வேண்டும், அல்லது தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை வந்தாலே பெரிது. மீதி நாளுக்குக் காலண்டரில் டிக் போட்டுக்கொண்டு நீங்கள்தான் செய்யவைக்க வேண்டும்.

9. முதுகும் தலையும்

மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால், எலும்பு முறிவு இல்லையென்று டாக்டர் சொன்ன பிறகு, ஓரிரு நாளுக்கு மேல் படுக்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும். சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தலையில் அடிபட்டவரை முதல் இரண்டு நாள் தனியாக விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுதல் இதில் எதுவானாலும் 108.

10. மனசு, அப்புறம் பார்த்துக்கொள்பவர்

மிஷின் சத்தம் கனவில் வருகிறது என்பார்கள். சிலர் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார்கள். சம்பாதிக்கிறவன் சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்ற குமைச்சல் அது. வீட்டுக் கணக்கு, காய் நறுக்குவது, பிள்ளைக்குப் பாடம் என்று ஒரு கையால் செய்யக்கூடிய வேலையைக் கொடுங்கள். கூட வேலை செய்பவர்களை வந்து பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, உயிரோடு இருந்து என்ன என்கிறார் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பெரும்பாலும் பார்த்துக்கொள்வது மனைவி. அவருக்கும் வீட்டு வேலையோ கம்பெனி வேலையோ இருக்கும். மைத்துனர், அக்கா, பெரிய பையன் என்று முறை போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். "என்னா உதவி வேணும், சொல்லு" என்று கேட்கிறவரிடம் "செவ்வாய்க்கிழமை ஸ்டான்லிக்குக் கூட வா மச்சான்" என்று குறிப்பாகச் சொன்னால்தான் நடக்கும்.

11. வேலைக்குத் திரும்புவது

இந்தப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது வாரத்திலேயே கம்பெனிக்குப் போன் போட்டு, எப்படி இருக்கிறார், டாக்டர் எவ்வளவு நாள் என்றார் என்று சொல்லிவையுங்கள். தொடர்பு அறுந்தவரின் இடத்தில்தான் வேறு ஆள் வருகிறான். கையில் முறிவு என்றால் ஆறு முதல் எட்டு வாரம், காலில் என்றால் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பது பொதுவான கணக்கு. எலும்பு கூடியதற்குப் பிறகு பலம் திரும்ப இன்னும் நாளாகும்.

டாக்டர் தரும் பிட்னஸ் சான்றில் எதைச் செய்யலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று எழுதித்தரக் கேளுங்கள். கேட், ஸ்டோர், பேக்கிங் என்று லைட் வேலை சில வாரம் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒத்துக்கொள்ளும் கம்பெனிகளும் இருக்கின்றன. அதே மிஷினுக்குத் திரும்புவதானால் அதில் கை மாட்டாமல் தடுக்கும் பாதுகாப்பு மறைப்பு (கார்டு) போட்டாயிற்றா என்று போகும் முன்பே விசாரியுங்கள்.

விரல் போயிருந்தாலோ மூட்டு முழுதாகத் திரும்பாவிட்டாலோ, இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு முன்னால் நிற்க வேண்டும். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று அவர்கள் சதவீதம் போடுவார்கள், அதன்படி நிரந்தர ஊன உதவித்தொகை வரும். மறுபடி வேலைக்குப் போனாலும் அது நிற்காது. பலர் வேலைக்குச் சேர்ந்துவிட்டோமே என்று இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். செயற்கைக் கை, கால் வேண்டியவர்களுக்குக் கே.கே. நகரில் அரசுப் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

வேலைக்குப் போன முதல் வாரம் சாயங்காலம் வீக்கமும் வலியும் வரும். ராத்திரி உயரத்தில் தூக்கி வைத்து, காலையில் வடிந்துவிட்டால் கவலையில்லை. காலையிலும் வடியாமல் இருந்தால் அன்றைய வேலை அதிகம் என்று அர்த்தம்; சூப்பர்வைசரிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் காகிதப் பையை எடுத்துக்கொண்டு அதே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள்.